மயான அத்தியாயத்தை எடுத்துவிடாதீர்கள், டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். உங்கள் நினைவுக்குறிப்பு நூலின் கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பாளர் மயானங்களைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் நீக்கிவிடலாம் என்று சொன்னதாகவும், நீங்களும் அதற்கு அரைமனதாக இணங்கிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். வாசகருக்கு அது மனச்சோர்வு தரும் என்பதுதான் அவர் சொன்ன காரணமாம். உங்களிடம் எழுதப் பழகியவர்கள் இலங்கை மலையகத்தில் ஹற்றனிலிருந்து பண்டாரவளை வரை பரவியிருக்கிறார்கள். அவர்களும் இதில் வாய் திறக்க வேண்டும் என்பதால்தான் தபாலில் அனுப்பாமல் இப்படி எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அந்த அத்தியாயம் போய்விட்டால், மிஞ்சுவது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் இடமாற்றங்களும் பிரியாவிடைக் கூட்டங்களும் மட்டுமே.

மயானங்களின் மேல் உங்களுக்குள்ள பிரியத்தைப் பற்றி நம் தேயிலைத் தோட்டத்தில் சிரித்துப் பேசாதவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் டவுனுக்குப் படம் பார்க்கப் போக ஆசைப்பட்டிருக்கையில், நீங்கள் எங்களைப் பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய வளவுக்கு அழைத்துப் போவீர்கள். சாய்ந்த காலை வெயிலில்தான் தேய்ந்த எழுத்துத் தெரியும் என்பதற்காக முதல் பஸ்ஸில் ஏற்றுவீர்கள். போத்தலில் கொண்டுபோன தண்ணீரைக் கல்லின் மேல் மெல்ல ஊற்றி, பாசியை நகத்தால் சுரண்டவிடாமல் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்வீர்கள். 1879இல் இறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஒளிப்படக் கலைஞர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது. இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிஞர்களையும் அவர் எடுத்த படங்களுக்கு இன்றும் உலகம் முழுவதும் மதிப்பு உண்டு. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் நிற்கும் உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்கோ பெயர் இல்லை. "பெயர் உள்ளவர் படம் எடுத்தார், பெயர் இல்லாதவர் படத்தில் நின்றார், இதை வைத்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்று நீங்கள் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

கண்டி மகியாவை மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லுக்கு முன்னால் இதே பாடத்தை இன்னும் கடுமையாக நடத்தினீர்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை வைத்தவர் அவர், 1892இல் இறந்தார். தேயிலைக்கும் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்துக்கும் இத்தீவில் முன்னோடி என்று கல் சொல்கிறது. மிகப் பாரமான அவருடைய உடலை 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராகத் தோள் மாற்றி, மலையிலிருந்து கண்டி வரைக்கும் சுமந்து வந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. எண்ணிக்கை இருக்கிறது, தோள் மாற்றிய முறை இருக்கிறது. ஆட்களின் பெயர் இல்லை. உணர்ச்சிவசப்பட்ட ஒரு மாணவன் அந்த 24 பேரில் ஒருவராகத் தன்னைக் கற்பனை செய்து எழுதி வந்தபோது, தாளை மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, "அவர்களுடைய பெயர் உனக்குத் தெரியாது. உன் தாத்தாவின் பெயர் தெரியும். அவர் எந்த நம்பர் தேயிலை மலையில் வேலை செய்தார் என்று கேட்டு எழுது" என்றீர்கள். அன்றைக்கு அது கல் மனசாகத் தெரிந்தது.

உங்கள் பென்சில் எப்போதும் அப்படித்தான். 'கண்ணீர்', 'துயரம்', 'வேதனை' ஆகியவற்றை அடித்துவிட்டு ஓரத்தில் கேள்வி எழுதுவீர்கள். எந்த மலை? கொழுந்து பறித்ததா, செடியைக் கவ்வாத்து வெட்டியதா? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் யார் பேர் போட்டது? இதை உனக்கு யார் சொன்னது? பாராட்டை மட்டும் ஒருபோதும் எழுத்தில் தந்ததில்லை. நன்றாக இருந்தால் தேநீர் ஊற்றித் தருவீர்கள், அதுவும் சீனி குறைவாக.

ஆனால் அந்த அத்தியாயத்தின் உயிர், வெள்ளைக்காரர் கல்லறைகளை விட்டு நீங்கள் நம் தோட்டத்து மயானத்துக்குத் திரும்பும் இடத்தில் இருக்கிறது. டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே மானாப்புல் மூடிய மேடுகள். சிலவற்றின் தலைமாட்டில் குரோட்டன் செடி, சிலவற்றில் வெறும் ஆற்றுக்கல். மடக்கும்புரையில் பிறந்து 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைக்கு அடியில் கல்லறையும் இல்லாமல் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் தம் மனிதரைப் பாடியது நமக்குத் தெரியும். அந்தக் குறையை ஆற்றாமையோடு நிறுத்திவிடாமல் காரணம் தேடியதுதான் உங்கள் அத்தியாயத்தின் பெறுமதி. நாம் குடியிருக்கும் வரிசை வீடான லயம் தோட்டத்துக்குச் சொந்தம், மயானமும் தோட்டத்துக்குச் சொந்தம். சொந்தமில்லாத மண்ணில் யார் கல் நடுவார்கள்? 1948இல் நம்மவர்களின் குடியுரிமை போயிற்று. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் நம்மவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் பெட்டி படுக்கையைக் கொண்டுபோனார்கள். மேடுகளை யாரிடம் ஒப்படைப்பது? பக்கத்து லயத்துக்காரர் சில வருடம் விளக்கு வைத்தார்கள், பிறகு அந்த லயத்திலும் ஆள் மாறிப்போனது என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒற்றை வாக்கியம், பல ஆய்வுக் கட்டுரைகளை விட எனக்கு அதிகம் சொல்லியது.

கல்லில் இல்லாத பெயர்கள் ஒப்பாரியில் இருக்கின்றன என்று கண்டுகொண்டதும் நீங்கள்தான். பேத்தியின் கைப்பேசிக்கு முன்னால் ஒரு கிழவி அமர்ந்து, முதலில் வெட்கப்பட்டு, பிறகு முந்தானையை வாயில் வைத்தபடி பாடத் தொடங்கியதை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டில் இராமநாதபுரத்துச் சொந்த ஊர் வந்தது. ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த கங்காணி வந்தார். கவ்வாத்துக் கத்தியோடு புருஷன் ஏறிப்போன மலையின் நம்பரும் வந்தது. இத்தனையும் வைத்திருக்கும் ஓர் அத்தியாயத்தை மனச்சோர்வு என்று சொல்பவர் அதை முழுதாகப் படித்திருக்க முடியாது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கற்றுத்தந்த கேள்விகளைத்தான் உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன். சாவு வீட்டில் தப்பு என்ற பறையை அடித்தவர் யார், குழி வெட்டியவர் யார், அந்த வேலை ஏன் சில லயங்களுக்கு மட்டுமே வந்தது என்பதை 'ஊர் வழக்கப்படி' என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். வெள்ளைக்காரத் துரையின் கல்லறைக்கு முன்னால் நம்மை நிறுத்திக் கேட்ட கேள்வி, நம்முடைய மேட்டுக்கு முன்னாலும் நிற்க வேண்டாமா? பாட்டன் எந்தப் பக்கத்தில் தப்புப் பிடித்தார் என்று சொல்லக்கூடிய பேரன்மார் உங்கள் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். கூச்சப்படாமல் கேட்டால் சொல்வார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஆகவே அத்தியாயத்தை நீக்காமல் இன்னும் சில பக்கம் நீட்டுங்கள். பதிப்பாளர் இணங்காவிட்டால் வேறு அச்சகம் பார்ப்போம். செலவைப் பகிர்ந்துகொள்ளப் பழைய மாணவர்கள் இருக்கிறோம். தட்டச்சு வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். விடுமுறைக்கு ஊர் வரும்போது பிரதியை வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் எதையும் கிழித்துவிட வேண்டாம்.

என்றும் உங்கள் அன்பு மாணவன்