இடப்புறத் தடத்தில் வந்தவருக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

சரளைச் சாலை சைக்கிள் பந்தயம் முடிந்து மூன்று நாட்கள் ஆகின்றன. வலக்கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் இன்னும் மரத்தே இருப்பதால் இந்த மடலை மெதுவாகத்தான் தட்டச்சு செய்ய முடிகிறது. இரவில் ஓடைக்கரையில் நான் சைக்கிளோடு விழுந்த கதையை மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. நான் இருக்கும் இடத்தை இணைய வரைபடத்தில் காட்டும் என் புள்ளி நாற்பது நிமிடம் அசையாமல் நின்றதைப் பார்த்துப் பதறியவர்கள் நீங்கள்தான். ஆனால் அந்தப் புள்ளி மறுபடி நகரத் தொடங்கியது எப்படி என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் என் நன்றி முழுமை பெறாது.

விழுந்த வேகத்தில் டைனமோவிலிருந்து முன்விளக்குக்குப் போகும் கம்பி அறுந்துவிட்டது. முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும் அந்த டைனமோ, சக்கரம் போதிய வேகத்தில் சுழலும் வரை 6 வோல்ட்டில் 3 வாட் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும் என்பதால், பேட்டரியைப் பற்றிய கவலையின்றி விடியும் வரை ஓட்டலாம் என்று அதை மட்டுமே நம்பிப் புறப்பட்டிருந்தேன். மிஞ்சியது ஹெல்மெட்டில் மாட்டியிருந்த சிறுவிளக்கு. அதுவும் மிகக் குறைந்த ஒளியில் எரிந்தால்தான் காலை வரை தாங்கும். சரளைச் சாலையில் இரவில் ஓட்டியவர்களுக்கு இந்த நிலை புரியும். கண்ணுக்கு அருகிலிருந்தே ஒளி விழும்போது ஒவ்வொரு கல்லின் நிழலும் அந்தக் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. மேடு, பள்ளம், மணல் எல்லாம் ஒரே சாம்பல் பரப்பாகத் தெரிகின்றன. சக்கரம் பள்ளத்தில் இறங்கிய பிறகு கைதான் அதை உணர்கிறது, கண் முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்போது மணி ஒன்றரை. குறித்த நேரத்துக்குள் கடந்தாக வேண்டிய அடுத்த சோதனை நிலையம், அதாவது செக்பாயின்ட், 54 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது, காலை ஆறு மணிக்கு அதை மூடிவிடுவார்கள். நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக உருட்டிக்கொண்டிருந்த எனக்கு, பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

பின்னாலிருந்து ஒருவர் வந்தார். “லைட் போயிடுச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்காமல், என்னைக் கடந்து போகாமல், என் பின்னாலேயே வரத் தொடங்கினார். அவருடைய வெளிச்சம் என் முதுகில் பட்டு, நான் போக வேண்டிய பாதையில் என் நிழலே விழுந்து மறைத்தது. நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். நான் வாய் திறப்பதற்குள் அவரே அதைப் புரிந்துகொண்டு இடப்புறத் தடத்துக்கு மாறினார். அந்தச் சாலையில் வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடி இறுகிய இரண்டு தடங்கள் உண்டு. நடுவில் உதிரிச் சரளை மேடிட்டுக் கிடக்கும். வலப்புறத் தடத்தில் நான், இடப்புறத் தடத்தில் என் பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் அவர். அவருடைய விளக்கு ஹேண்டில்பாருக்குக் கீழே தாழ்வாகப் பொருத்தப்பட்டிருந்ததால், ஒளி நடுமேட்டைத் தாண்டிச் சாய்வாக என் பாதையில் விழுந்தது. கோலிக்குண்டு அளவுள்ள கல்கூட விரல் நீளத்துக்கு நிழல் நீட்டியது. என் சொந்த விளக்கு எரிந்தபோதும் நான் அந்தச் சாலையை அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

நெடுநேரம் கழித்துத்தான் இன்னொன்றைக் கவனித்தேன். மழைநீர் அரித்து மணலேறிக் கிடந்தது அவருடைய தடம். கெட்டியான தடத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மாறிக்கொள்ளலாம் என்று இருமுறை கேட்டேன். “பரவாயில்லை, நீங்க போங்க” என்றார். அதைத் தவிர நான்கு மணி நேரத்தில் அவர் பேசியது ‘கல்’, ‘மணல்’, ‘பள்ளம்’ ஆகிய சொற்கள்தான். உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து, தூக்கம் ஆளைச் சாய்த்துவிடும் பின்னிரவு வேளையில் என் சக்கரம் அலையத் தொடங்கியபோதெல்லாம், தன் மணியை ஒரே ஒருமுறை அடிப்பார். நான் நிமிர்ந்துகொள்வேன்.

எங்கள் பந்தய விதிப்படி வெளியாட்களிடம் உதவி பெறக் கூடாது. போட்டியாளர்கள் தமக்குள் உதவிக்கொள்ளலாம். அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த விதியின் உட்பொருள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்று மாலை, சாலையோரத்தில் குந்தி டயரைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரை, என் நேரத்தை எண்ணி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கடந்துபோனவன் நான். அது இப்போதும் உறுத்துகிறது. நின்றிருப்பவர் எவரையும் “எல்லாம் இருக்கிறதா?” என்று கேட்காமல் இனி நான் கடக்க மாட்டேன்.

ஓடையிலிருந்து என்னையும் வண்டியையும் தூக்கிவிட்ட இருவருக்கும், கிழிந்த டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் பிளக் செருகித் தம்மிடமிருந்த கடைசிக் காற்றுக்குப்பியையும் தந்தவருக்கும், காயத்தைக் கழுவிக் கட்டிய செக்பாயின்ட் தன்னார்வலர்களுக்கும், நான் கடைசியாக வந்துகொண்டிருந்தபோதும் அவசரப்படுத்தாத, போட்டியாளர்கள் அனைவருக்கும் பின்னால் வரும் பின்தொடர் வண்டிக்காரருக்கும், இரவு முழுவதும் கண்விழித்து என் புள்ளியைப் பார்த்திருந்த வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இனி, இடப்புறத் தடத்தில் வந்த உங்களுக்கு. ஐந்தரை மணிக்கு நாம் சேர்ந்துதான் செக்பாயின்ட்டுக்குள் நுழைந்தோம். என் கையைக் கட்டி முடிப்பதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் எண் பலகையைச் சேறு மூடியிருந்தது. திரும்பிப் பார்த்தபோதெல்லாம் விளக்கின் கூச்சம் தவிர வேறெதுவும் தெரியாததால் உங்கள் முகமும் எனக்குத் தெரியாது. குரல் தெரியும், அந்த மணியோசை தெரியும். முடிவுக்கோட்டில் மாலை வரை காத்திருந்து, வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். என்னோடு வந்ததில் உங்களுக்கு ஒரு மணி நேரமாவது போயிருக்கும். இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பந்தயத்தில் இரவு முழுவதும் உங்களோடு வருகிறேன். இடப்புறத் தடத்தை எனக்குக் கொடுங்கள்.

நன்றியுடன்,
அன்றிரவு வலப்புறத் தடத்தில் வந்தவன்