ஆமை புதைந்திருக்கும் வாய்க்கால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பதற்குள் டெல்டா ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் மண்டிய ஆகாயத்தாமரையை அகற்ற ஊர்தோறும் இளைஞர்கள் இறங்குகிறார்கள். மனம் நிறைகிறது. அந்த உழைப்பு வீணாகாமல் இருக்கச் சில விவரங்களை எழுதுகிறோம்.

முதலில் கீழ்ப்புறத்தில் மூங்கில் ஊன்றிக் குறுக்கே கயிறு கட்டுங்கள். கட்டாவிட்டால் பிய்ந்த துண்டுகள் மிதந்து போய் அடுத்த மதகை அடைக்கும், அங்கேயே தழைத்தும்விடும். அரிவாளால் மேலாக அறுத்தால் பயனில்லை, தொரட்டி போட்டு வேரோடு இழுக்க வேண்டும். அதுவும் பூக்கும் முன்பே. சேற்றில் விழுந்த விதை 15 ஆண்டு கழித்தும் முளைக்கும். களைக்கொல்லி வேண்டவே வேண்டாம்: செடி மொத்தமாக அழுகினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து கெண்டைகள் செத்து மிதக்கும்.

இழுத்ததை உடனே கரையேற்றாதீர்கள். ஒரு வேர்க்கற்றையை உதறிப் பாருங்கள், நத்தை, இறால், விரல்நீள மீன்குஞ்சு என்று எத்தனை உயிர்! நீர்விளிம்பில் அரைமணி நேரம் கிடந்தால் பல தாமாகவே தண்ணீருக்குள் இறங்கிவிடும். பிறகு கரையின் வெளிப்புறம் கொண்டுபோய் சாணக் கரைசல் தெளித்து அடுக்கினால் உரமாகும். உட்சரிவில் போட்டால் முதல் மழையிலேயே ஆற்றுக்குத் திரும்பிவிடும்.

இதைவிடப் பெரிய கவலை, தூர் வார இறங்கும் ஜேசிபி இயந்திரம். வழக்கம்போல் ஜனவரி 28-ல் அணை மூடி, தண்ணீர் வற்றியதும் பால் ஆமைகள் எனும் நன்னீர் ஆமைகள் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். மேலே வெடித்த மண்தான் தெரியும். இயந்திரத்தின் பல் பட்டால் ஓடு பிளந்துவிடும். அதனால் இயந்திரத்துக்கு முன்னே இருவர் நடந்து, மரக்கழியை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடு தட்டுப்பட்டால் கையால் மண்ணை விலக்கி எடுங்கள். கழுத்தை நீட்டிக் கடிக்கும், ஓட்டின் பின்பகுதியைப் பிடியுங்கள். வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் காட்டும் வற்றாத மடுவில் விடலாம். வீட்டுக்குக் கொண்டுபோவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆற்றில் இரு கரையையும் ஒரே ஆண்டில் வழிக்க வேண்டாம். நாணலுக்குள்ளும் மரவேர்களுக்கு அடியிலும் நீர்நாய் வளை இருக்கும். வளைவுகளில் உள்ள ஆழமான மடுக்களையும் சமன்செய்யக் கூடாது. கோடையில் மீன் பிழைப்பது அங்கேதான்.

எந்த வாய்க்காலில் எந்தத் தேதியில் தூர் வாரப்போகிறார்கள் என்பதை நீர்வளத்துறை ஒரு வாரம் முன்னதாக ஊராட்சிப் பலகையில் ஒட்டினால், இயந்திரம் இறங்கும் முன் நாங்கள் சேற்றில் இறங்கித் தேடிவிடுவோம்.

இப்படிக்கு,
ஆற்றுப் பணித் தன்னார்வலர்கள்,
திருவாரூர் மாவட்டம்