எழுதப்படாத அந்த அத்தியாயம்: ஜெனரல் எமரி அப்டனுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஜெனரல் எமரி அப்டன் அவர்களுக்கு,

வணக்கம். 1881 மார்ச் மாதத்தில், சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ முகாமில், விடாத தலைவலியோடும் நம்பிக்கை இழந்த மனத்தோடும் நீங்கள் உங்கள் வாழ்வை முடித்துக்கொண்டபோது உங்களுக்கு வயது 41. அமெரிக்காவின் ராணுவக் கொள்கையைப் பற்றி நீங்கள் எழுதிவந்த பெரிய நூல் அப்போது கையெழுத்துப் பிரதியாகப் பாதியில் நின்றிருந்தது. உங்கள் யோசனைகளை ஒட்டி, நாடாளுமன்றமான காங்கிரசின் பர்ன்சைட் குழு கொண்டுவந்த மசோதாவும் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தோற்றுப்போயிருந்தது. உழைத்ததெல்லாம் வீண் என்ற நினைப்போடுதான் நீங்கள் போயிருப்பீர்கள் என்று எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது. உண்மையில் அது வீணாகவில்லை. 1898ஆம் ஆண்டின் ஸ்பானியப் போரில் படை திரட்டுவதில் நேர்ந்த குளறுபடிகளுக்குப் பிறகு போர்த்துறைச் செயலாளராக வந்த எலிஹு ரூட் உங்கள் பிரதியைத் தேடிப் படித்தார்; 1904இல் அரசே அதை அச்சிட்டது. அதன்பின் ஒரு தலைமுறை அதிகாரிகள் தங்கள் நாட்டின் போர் வரலாற்றை உங்கள் கண்களால்தான் பார்த்தார்கள்.

நானும் நெடுநாள் அப்படித்தான் பார்த்தேன். ராணுவத்தில் இருந்தவன் அல்லன் நான். ஒரு குடியரசு தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பை யார் தோளில் ஏற்றுகிறது என்ற கேள்வியை விட முடியாமல் படித்துக்கொண்டே இருப்பவன். உங்கள் நூலை மறுபடி படித்த பிறகு, சாதாரணக் குடிமக்களைத் திரட்டிய குடிப்படையை நம்ப முடியாது, தொழில்முறை அதிகாரிகள் நடத்தும் நிரந்தரப் படையே நாட்டைக் காக்கும் என்ற உங்கள் முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை என்பதை உங்களிடமே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் கோபம் நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். விடுதலைப் போரில், 1776 செப்டம்பரில், நியூயார்க்கின் கிப்ஸ் பே கரையில் ஆங்கிலேயரின் பீரங்கிகள் முழங்கியதும் கனெக்டிகட் குடிப்படையினர் சிதறி ஓடினார்கள். அதற்குப் பத்து நாட்களுக்குள், குடிப்படையை நம்புவது உடைந்த ஊன்றுகோலில் சாய்வதற்குச் சமம் என்று ஜார்ஜ் வாஷிங்டன் காங்கிரசுக்கு எழுதினார். 1814இல் பிளேடன்ஸ்பர்க்கில் அதே கதை நடந்தது. அன்றிரவே தலைநகரம் எரிந்தது. இவற்றையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாத நிகழ்ச்சி உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், நீங்கள் நேரில் இருந்த புல் ரன் போர்க்களத்தில் நடந்தது. லிங்கன் 1861 ஏப்ரலில் அழைத்த 75,000 பேரும் மூன்று மாதத்துக்கு மட்டுமே ஒப்பந்தமானவர்கள். ஜூலை 21ஆம் நாள் போர் தொடங்கும் நேரத்தில் ஒரு பென்சில்வேனியா ரெஜிமென்டுக்கும் ஒரு நியூயார்க் பீரங்கிப் பிரிவுக்கும் கெடு முடிந்துவிட்டது. எவ்வளவோ கேட்டுக்கொண்டும் அவர்கள் இருக்க மறுத்துவிட்டார்கள். எதிரியின் பீரங்கிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்க, அவர்கள் ஊருக்குத் திரும்பி நடந்தார்கள். அந்தக் களத்தில் காயம்பட்ட 21 வயது லெப்டினன்டான உங்களுக்கு, இப்படி ஒரு ஏற்பாட்டை நம்பி உயிரைக் கொடுக்கச் சொல்லும் நாட்டின் மீது எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும்!

ஆனால் ஐயா, அந்த மனிதர்கள் போனது அவர்கள் குடிமக்களாக இருந்ததாலா, அல்லது மூன்றே மாதத்துக்கு ஆள் எடுக்கும் சட்டத்தை ஓர் அரசு 70 ஆண்டுகளாகத் திருத்தாமல் வைத்திருந்ததாலா? 1783 மே மாதத்தில் அதே வாஷிங்டன், சுதந்திர அரசின் பாதுகாப்பில் வாழும் ஒவ்வொரு குடிமகனும் தன் சொத்தில் ஒரு பங்கை மட்டுமன்றித் தன் உடலுழைப்பையும் அதன் பாதுகாப்புக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று எழுதி, சிறிய நிரந்தரப் படையோடு, முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட குடிமக்கள் படையையும் அமைக்கும் திட்டத்தைத் தந்தார். காங்கிரஸ் அதைச் செய்யவில்லை. 1784 ஜூனில் படையைக் கலைத்து, பிட் கோட்டையிலும் வெஸ்ட் பாயின்டிலும் சரக்குகளைக் காக்க 80 பேரை மட்டும் விட்டுவைத்தது. 1792ஆம் ஆண்டின் குடிப்படைச் சட்டமோ, 18 முதல் 45 வயது வரையிலான வெள்ளையர் ஒவ்வொருவரும் தம் செலவில் துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. வாங்காதவரை என்ன செய்வது, வாங்கியவருக்கு யார் பயிற்சி தருவது என்பதையெல்லாம் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. விதைக்காத வயலில் விளைச்சல் இல்லை என்று நிலத்தைப் பழிப்பது போலத்தான் உங்கள் நூலின் பல பக்கங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

புல் ரன்னில் 20,000 நிரந்தரப் படையினர் இருந்திருந்தால் கிளர்ச்சி அங்கேயே முடிந்திருக்கும், நான்காண்டுத் துயரம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிரந்தரப் படையின் அதிகாரிகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் பதவியைத் துறந்து தென் மாநிலங்களின் பக்கம் சேர்ந்ததை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? தென் தரப்பின் தளபதி ராபர்ட் லீயும் உங்கள் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர்தான். 20,000 பேர் கொண்ட படை இருந்திருந்தால் அது முழுவதும் ஒரே பக்கம் நின்றிருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி நான் உண்மையில் கேட்க வந்ததற்கு வருகிறேன். 1862 அக்டோபரில், 23 வயதில், 121ஆவது நியூயார்க் தன்னார்வ ரெஜிமென்டுக்குக் கர்னலாகப் போனீர்கள். ஆட்சீகோ, ஹெர்கிமர் ஆகிய இரண்டு கிராமப்புற மாவட்டங்களில் அந்தக் கோடையில் திரட்டப்பட்ட விவசாயிகளும் கடைப் பையன்களும் பள்ளி ஆசிரியர்களும்தான் அந்த ரெஜிமென்ட். நோயும் சோர்வும் பிடித்துக் கிடந்த அவர்களை நீங்கள் விடாமல் கவாத்துப் பழக்கினீர்கள், முகாமைச் சுத்தமாக்கினீர்கள், தகுதியற்ற அதிகாரிகளை வெளியேற்றினீர்கள். சில மாதங்களில் மற்றப் படையினர் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'அப்டனின் ரெகுலர்கள்'. தன்னார்வப் படையைப் பார்த்து நிரந்தரப் படை என்று அழைக்க வைத்தவர் நீங்கள்.

பிறகு 1864 மே 10, ஸ்பாட்சில்வேனியா போர்க்களம். 12 ரெஜிமென்டுகள், சுமார் 5,000 பேர். அத்தனையும் மெய்ன், வெர்மான்ட், நியூயார்க், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மாநிலங்களின் தன்னார்வ ரெஜிமென்டுகள். தாக்குதலுக்கு முன் 12 ரெஜிமென்டுகளின் தலைவர்களையும் காட்டின் விளிம்புக்கு அழைத்துப்போய், ஏறத்தாழ 200 கஜத்துக்கு அப்பால் இருந்த எதிரியின் மண்மேட்டையும் அதன் முன்னால் வெட்டிப் போட்டிருந்த மரங்களையும் கண்ணால் பார்க்க வைத்தீர்கள். மூன்று ரெஜிமென்டுகள் வீதம் நான்கு வரிசைகள். எல்லாத் துப்பாக்கிகளிலும் குண்டு இருந்தது, பயோனெட் மாட்டியிருந்தது. ஆனால் முதல் வரிசையைத் தவிர வேறு யாரும், துப்பாக்கி சுடத் தேவையான வெடிமூடியைப் பொருத்தக் கூடாது என்றீர்கள், ஏனென்றால் நின்று சுடத் தொடங்கினால் அங்கேயே சாக நேரும். அடிபட்டு விழுந்தவன் உடன்பிறந்தவனே ஆனாலும் குனியக் கூடாது. மாலை ஆறு மணிக்குப் பிறகு அவர்கள் ஓடினார்கள். மண்மேட்டை எட்டினார்கள், ஏறிக் குதித்தார்கள், கைகலந்து போரிட்டு வரிசையைப் பிளந்தார்கள், ஏறக்குறைய ஆயிரம் பேரைச் சிறைபிடித்தார்கள். துணைக்கு வர வேண்டிய, தளபதி மாட் என்பவரின் டிவிஷன் எதிரியின் பீரங்கிகளுக்கு முன் சிதறிப்போனதால் பிடித்த இடத்தை விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. உங்கள் பக்கத்திலும் ஏறத்தாழ ஆயிரம் பேர் வீழ்ந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். ஆயினும் உலகின் எந்தத் தொழில்முறைப் படையாலும் செய்யக் கடினமான செயலை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அன்று செய்தார்கள். அந்த முறையைப் பின்பற்றித்தான் இரண்டு நாள் கழித்து தளபதி ஹேன்காக் தன் படைப்பிரிவு முழுவதையும் ஏவினார்.

அடுத்த மாதம் கோல்ட் ஹார்பர் போர்க்களத்திலிருந்து உங்கள் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், தளபதிகள் போர் நடத்திய விதம் அருவருப்பூட்டுகிறது, நம் ஆட்கள் பல முறை மதியீனமாகப் பலியிடப்பட்டார்கள் என்று குமுறியிருக்கிறீர்கள். அந்த ஆணைகளைப் பிறப்பித்த கிரான்ட், மீட், ரைட் மூவரும் வெஸ்ட் பாயின்டில் பயின்ற தொழில்முறை அதிகாரிகள். 1864இல் உங்கள் கண்ணில் பட்ட இந்த உண்மை, நூலை எழுதும்போது எங்கே போயிற்று?

ஒரு விஷயத்தில் உங்களுக்கு அநீதி இழைக்கக் கூடாது. தன்னார்வப் படையே வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. சமாதானக் காலத்தில் ஒரு சிறு நிரந்தரப் படை எலும்புக்கூடாக இருக்கட்டும், போர் வந்தால் குடிமக்கள் அதில் தசையாகச் சேரட்டும் என்றீர்கள். தலைமை மட்டும் எப்போதும் தொழில்முறை அதிகாரிகளிடமே இருக்க வேண்டும் என்றீர்கள். நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். 1875-76இல் தலைமைத் தளபதி ஷெர்மனின் ஆதரவில் ஆசிய, ஐரோப்பியப் படைகளைப் பார்க்கக் கிளம்பி, இந்தியாவுக்கும் வந்தீர்கள். ஆங்கிலேயரின் இந்தியப் படையைப் பற்றி உங்கள் பயண நூலில் எழுதியும் இருக்கிறீர்கள். ஒழுங்கும் திறமையும் நிறைந்த தொழில்முறைப் படை அது. நாங்கள் அடிமைப்பட்டிருக்க அந்தப் படையே கருவியாக இருந்தது. ஒரு படை யாருக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வியை அதன் திறமையிலிருந்து பிரித்துப் பார்க்க எங்களால் முடியாது.

உங்களுக்குச் சரியான பதில் சொன்னவர் உங்கள் கல்லூரியிலிருந்தே வந்தார். ஜான் மெக்காலி பால்மர் 1892இல் வெஸ்ட் பாயின்டில் தேறியவர். அவருடைய பாட்டனார் வழக்கறிஞராக இருந்து உள்நாட்டுப் போரில் தன்னார்வப் படையின் மேஜர் ஜெனரலாக உயர்ந்தவர். 1918இல் பிரான்சில் 29ஆவது டிவிஷனின் ஒரு பிரிகேடை, அதாவது மாநிலங்களின் தேசியக் காவல்படையினரை, பால்மர் போரில் நடத்தினார். 1919 அக்டோபரில் செனட் குழுவின் முன் நின்று, ஐந்து லட்சம் பேர் கொண்ட பெரிய நிரந்தரப் படை கேட்ட தம் சொந்தத் துறையின் மசோதாவே அமெரிக்க அமைப்புகளின் இயல்புக்குப் பொருந்தாது என்று சொன்னார். குடிமகன் சிப்பாயாக மட்டுமன்றி அதிகாரியாகவும் உயர வழி இருக்க வேண்டும், அப்போதுதான் போரைப் பற்றிய அறிவு ஒரு சிறு வகுப்பின் சொத்தாகாமல் மக்களிடையே பரவும் என்பது அவர் வாதம். வாஷிங்டனின் அந்த 1783ஆம் ஆண்டுத் திட்டத்தைப் பழைய காகிதங்களுக்கிடையிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

இரண்டாம் உலகப் போரில் 1.6 கோடி அமெரிக்கர்கள் சீருடை அணிந்தார்கள் என்றால் நம்புவீர்களா? அதன்பின் வியட்நாம் வந்தது. 1965 ஜூலையில் அதிபர் ஜான்சன், ரிசர்வ் படையை அழைக்காமல் கட்டாய ஆள்சேர்ப்பைக் கூட்டியே அந்தப் போரை நடத்த முடிவெடுத்தார். கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒத்திவைப்பு கிடைத்தது; ஏழை வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். பெயர்தான் குடிமக்கள் படை, சுமையோ சமமாக இல்லை. 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. இன்று உங்கள் நாட்டில் இருப்பது முழுக்க விரும்பிச் சேர்ந்தவர்களின் தொழில்முறைப் படை. 33 கோடிக்கும் மேற்பட்ட மக்களில் சுமார் 13 லட்சம் பேர். நீங்கள் கனவு கண்ட பயிற்சியும் ஆயுதமும் அவர்களிடம் உண்டு. அவர்கள் ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் போரிட்டபோது, ஒரே ஆள் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் போய்வந்தபோது, பெரும்பாலான வீடுகளில் அந்தப் போருக்காக ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை. அப்படிப்பட்ட போரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. நிரந்தரப் படை இல்லாததால் செத்தவர்களை நீங்கள் ஒவ்வொருவராக எண்ணினீர்கள். இந்த இழப்பை எப்படி எண்ணியிருப்பீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

உங்கள் நூல் 1862ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. மூன்று மாத ஒப்பந்தக்காரர்கள் திரும்பிப் போனது அதில் இருக்கிறது. சகோதரிக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் குமுறல் அதில் இல்லை. ஆட்சீகோவிலும் ஹெர்கிமரிலும் இருந்து வந்தவர்கள், வெடிமூடி பொருத்தாத துப்பாக்கிகளோடு, ஒருவரும் நிற்காமல் 200 கஜம் ஓடிய அந்த மே மாத மாலைக்கு உங்கள் பேனா வந்து சேரவே இல்லை. அந்த அத்தியாயத்தை நீங்கள் எப்படி எழுதியிருப்பீர்கள், ஐயா?

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் வாசகன்