86 ஓட்டு

அன்புள்ள கதிர்,

நேற்று போனில், "நம்ம ஊர் எப்பவும் லேபர் ஊர்தானேம்மா, நடுவில கொஞ்ச நாள் மாறிச்சு, இப்ப திரும்பி வந்துடுச்சு" என்றாய். உன் ஆபீஸிலும் அப்படித்தான் சொன்னாயாம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 22 வருடமாக ஸ்காட்லாந்தில் இந்தக் கிரீனாக்கில் இருக்கிறேன், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

லேபர், அதாவது தொழிலாளர் கட்சியின் ஊர் என்பது பொய் இல்லை. 1936 இடைத்தேர்தலில் கிரீனாக்கை அந்தக் கட்சி பிடித்தது. 1981இல் இந்த ஊர் லேபர் எம்.பி. டிக்சன் மேபன் பதவியில் இருந்தபடியே கட்சி மாறினார். அந்த இரண்டு வருடத்தை விட்டுவிட்டால் 2015 வரை லேபர்தான். கப்பல் கட்டும் யார்டிலும் சர்க்கரை ஆலையிலும் வேலை, வேலையோடு யூனியன், யூனியனோடு ஓட்டு. பெரிய யார்டுகள் எண்பதுகளில் அடங்கின. சர்க்கரை ஆலை 1997இல் மூடியது. ஐ.பி.எம். கம்ப்யூட்டர் ஆலைக்கென்று ஒரு ரயில் நிலையமே இருந்ததே, நினைவிருக்கிறதா? 2018 கடைசியோடு அங்கே ரயில் நிற்பதும் போயிற்று. வேலை போன பிறகும் வெகுகாலம் ஓட்டு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அதை நான் பழக்கம் என்று நினைக்கவில்லை. நன்றி மறக்காத ஜனங்கள் இவர்கள்.

2014 ஆகஸ்டில் பக்கத்து ஊரான போர்ட் கிளாஸ்கோவில் மிஞ்சியிருந்த ஃபெர்குசன் கப்பல் யார்டும் திவாலானது. ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்து தனிநாடாகலாமா என்ற வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்னால்தான் அதை வாங்க ஆள் கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர், வாழ்நாள் முழுக்க லேபருக்குப் போட்டவர், "இந்தத் தடவை ஆம்தான்" என்றார். சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

செப்டம்பர் 18, அந்த வாக்கெடுப்புதான் உனக்கு முதல் ஓட்டு. 16 வயதிலேயே போடலாம் என்று விதி மாற்றியிருந்தார்கள். எனக்கு அப்போது இந்திய பாஸ்போர்ட்தான், ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக்காரி என்பதால் ஓட்டு இருந்தது. நீ ஆம், நான் இல்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் நீ என்னோடு பேசவில்லை. விடிந்து பார்த்தால், நம் ஊரும் சேர்ந்த இன்வர்கிளைடு வட்டாரத்தில் இல்லை 27,329, ஆம் 27,243. வெறும் 86 ஓட்டு! ஸ்காட்லாந்து முழுக்க 55க்கு 45 என்று முடிந்த விஷயம், நம் ஊரை நட்டநடுவில் பிளந்துவிட்டது.

ஆம் என்றவர்கள் அடுத்த வருடப் பொதுத்தேர்தலில் மொத்தமாக, தனிநாடு கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியான எஸ்.என்.பி. பக்கம் போனார்கள். 'இல்லை' பிரசாரத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியோடு ஒரே மேடையில் நின்ற லேபரை அவர்களால் மன்னிக்க முடியவில்லை. எஸ்.என்.பி.யின் ரானி கோவன் 11,063 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து எம்.பி. ஆனார். இரண்டே வருடத்தில் அது 384 ஆகச் சுருங்கியது. 2019இல் மறுபடி 7,512 ஆக ஏறியது. அந்த 384 ஓட்டில் கோவனிடம் தோற்ற மார்ட்டின் மெக்ளஸ்கிதான் 2024இல் லேபருக்காக ஜெயித்தவர். அதற்குள் தொகுதியும் பழைய தொகுதி இல்லை. பிரிட்ஜ் ஆஃப் வியர், ஹூஸ்டன் எல்லாம் சேர்ந்துவிட்டன. யார்டின் சத்தமே கேட்காத ஊர்கள் அவை.

அதே ஃபெர்குசன் யார்டு 2019இல் மறுபடி திவாலாகி, எஸ்.என்.பி. நடத்தும் ஸ்காட்லாந்து அரசே அதை எடுத்துக்கொண்டது. அங்கே கட்டிய கிளென் சானக்ஸ் பயணிகள் படகு ஓடத் தொடங்கியது 2025 ஜனவரியில், பல வருடத் தாமதத்துக்குப் பிறகு. இங்கே கடையில், பஸ்ஸில், அந்தப் படகைப் பற்றிப் பேசாதவர் இல்லை. யாரை நம்பினாலும் வேலை நிலைக்கவில்லையே என்ற வலி அந்தப் பேச்சில் இருக்கிறது. அதனால்தான் "திரும்பி வந்துடுச்சு" என்று நீ சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் எங்கேயும் திரும்பி வரவில்லை, கண்ணா. ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்துத்தான் போடுகிறார்கள்.

அடுத்த மாதம் வரும்போது கிளாஸ்கோவில் ஏறியதும் ரயிலில் வலது பக்கம் உட்கார். போர்ட் கிளாஸ்கோ வரும்போது போனை வைத்துவிட்டு யார்டைப் பார். ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அம்மா