யாவ் மிங்கின் இடது பாதம்

சென்னை,
நவம்பர் 2025

அன்புள்ள பழனி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சான் அன்டோனியோ அணியின் பிரெஞ்சுக் கூடைப்பந்து வீரன் வெம்பன்யாமாவுக்கு இடது கெண்டைக்காலில் தசை இழுத்துக்கொண்டது என்ற செய்தி வந்த சூட்டோடு எழுதியிருக்கிறாய். "ஏழடிக்கு மேல் போன உடம்பு நிலைக்காதுடா, இவனும் யாவ் மிங் மாதிரிதான் முடிவான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். மூன்று நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. இன்று ஞாயிறு, காலையிலிருந்து மழை. கோர்ட்டில் தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகளுக்குப் பயிற்சி இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. யாவ் சீனாவிலிருந்து அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஹூஸ்டன் அணிக்கு வந்த முதல் இரண்டு சீசனும் 82க்கு 82 ஆட்டம் ஆடினான், மூன்றாவதில் 80. அப்புறம் 57, 48, 55. சான் அன்டோனியோவில் வெம்பன்யாமா முதல் சீசனில் 71, இரண்டாவதில் 46. மூன்றாவது சீசனின் முதல் ஆட்டத்திலேயே டல்லாஸுக்கு எதிராக 40 புள்ளி, 15 ரீபவுண்ட் என்று ஆடியதைப் பார்த்து உடம்பு சிலிர்த்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, கெண்டைக்கால். எண்களை மட்டும் பார்த்தால் உன் பக்கம்தான் கனம்.

ஆனால் யாவ் எப்படி உடைந்தான் என்பதை நீயும் நானும் கூடவே இருந்து பார்த்தோம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் விடிகாலையில் எழுந்து, சத்தத்தைக் குறைத்துவைத்து, லேக்கர்ஸ் அணியில் கூடைக்குக் கீழே நிற்கும் சென்டர் ஷாக்கை எதிர்த்து அவன் ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்த்தோமே, 2003 ஜனவரி. ஆரம்ப நிமிடங்களிலேயே ஷாக் தூக்கிய பந்தைத் தடுத்தான். நீ கட்டிலில் இருந்து குதித்ததில் பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டினார். அப்புறம் 2009 மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. சீசன் முடிந்த பிறகு கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃப், லேக்கர்ஸோடு முதல் ஆட்டம். லேக்கர்ஸின் கோபி பிரையன்ட்டின் முட்டி யாவின் முட்டியில் மோதி, அவன் நொண்டிக்கொண்டே உள்ளே போனான். அழைத்துப்போனவர்கள் அறைக்குள் கூட்டிப்போகப் பார்க்கிறார்கள், அவன் சுவரோரம் நின்று காலை உதறிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். 28 புள்ளி, ஹூஸ்டன் வெற்றி. அன்று அதைத்தான் வீரம் என்று மெச்சினோம். ஆபீஸுக்கு லேட்டாகப் போனோம், பஸ்ஸில் வழியெல்லாம் அதே பேச்சு. அதே வாரம் மூன்றாவது ஆட்டத்தில் இடது பாதத்தில் எலும்பு விட்டது. அதற்குப் பிறகு ஒரு முழு சீசன் இல்லை, அடுத்ததில் வெறும் 5 ஆட்டம், 2011 ஜூலையில் ஓய்வு. அப்போது வயது 30.

அந்தப் பாதம் உயரத்தால் மட்டும் உடையவில்லை பழனி. 2008 பிப்ரவரியில் அதே இடது பாதத்தில் மயிரிழை விரிசல். மார்ச்சில் அறுவை சிகிச்சை. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கொடி பிடித்துக்கொண்டு நடந்துவந்தான், ஆடவும் செய்தான். ஹூஸ்டன் சீசன் முடிந்தால் சீன அணி, அது முடிந்தால் ஹூஸ்டன். 2004 ஏதென்ஸ், 2006 உலகக் கோப்பை, 2008 பெய்ஜிங், நடுவில் ஆசியப் போட்டிகள். கோடையே இல்லாத மனிதன். நம் காலுக்குள் நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு குதிப்பிலும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சேதம் விழுகிறது, ஓய்வில் உடம்பு அதை அடைத்துக்கொள்கிறது. அடைபடுவதற்குள் அடுத்த சுமை ஏறினால் விரிசல். சுமார் 140 கிலோ உடம்புக்கு அந்த ஓய்வை யாருமே தரவில்லை. அவனும் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

வெம்பன்யாமாவிடம் நான் பார்ப்பது இந்த இடத்தில்தான் வேறு. முதல் சீசனிலேயே கணுக்கால் பிசகிய பிறகு நிமிடம் எண்ணி ஆட வைத்தார்கள். இந்த வருஷம் பிப்ரவரியில் வலது தோளில் ரத்தம் உறைந்தது தெரிந்ததும் சீசனையே முடித்துவைத்தார்கள். சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது அவனுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. 65 ஆட்டம் ஆடாவிட்டால் விருது கிடையாது என்ற விதியில் அது போனது, போகட்டும் என்று விட்டார்கள். பிரான்ஸுக்காக 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் 26 புள்ளி எடுத்தவன், இந்த வருஷம் ஐரோப்பியக் கோப்பைக்குப் போகவில்லை. நாடு கேட்டும் உடம்பைப் பார்த்து நின்றுவிட்டான். யாவுக்கு 2008இல் அப்படி ஒரு கோடை கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று, இவன் யாவைவிட முப்பது கிலோவுக்கு மேல் குறைவு. கூடைக்குக் கீழே முதுகைக் கொடுத்து இடிபடும் வேலையும் குறைவு, பாதி நேரம் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கிறான். ஆனால் ஓட்டமும் திருப்பமும் அதிகம். அது எங்கே போய் முடியும் என்ற கவலை எனக்கும் உண்டு.

சரி, நான் எழுத உட்கார்ந்தது உன் முட்டியைப் பற்றியும்தான். கல்லூரி இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் உன் முட்டி பானை மாதிரி வீங்கியிருந்தது. நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். ஹாஸ்டல் அறைக்கு வந்து, "நீ இல்லாமல் சென்டருக்கு ஆள் இல்லைடா, ஒரே ஒரு ஆட்டம்" என்று கெஞ்சியது நான். கிரேப் பேண்டேஜை உன் காலில் இறுக்கிச் சுற்றியதும் என் கைதான். கோப்பை கிடைத்தது, அதற்கப்புறம் நீ குதிக்கவே இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நீ அதைச் சொல்லிக்காட்டவில்லை, நானும் பேசவில்லை. மன்னித்துவிடு. இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

தோன்றக் காரணம் யாழினி. பத்தாவது படிக்கிறாள், ஐந்தடி பதினோரு அங்குலம், பள்ளி அணியில் சென்டர். செப்டம்பரிலிருந்து முழங்காலுக்குக் கீழே வலி என்றாள். சிமெண்ட் கோர்ட்டில் காலையும் மாலையும் ஆடினால் வலிக்காதா என்று நானும் லேசாக விட்டுவிட்டேன். பயிற்சியாளர், "வலி எல்லோருக்கும்தான், ஓடு" என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாள் ராத்திரி எண்ணெய் தேய்த்துவிடும்போது என் கட்டைவிரல் முன்னெலும்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம், அங்கே மட்டும். எம்ஆர்ஐயில் மயிரிழை விரிசல் என்று வந்தது. ஆறு வாரம் குதிக்கக் கூடாது. மாவட்டத் தேர்வு அந்த ஆறு வாரத்துக்குள்தான். இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். பள்ளியிலிருந்து போன் மேல் போன், "சும்மா வந்து நின்றால் போதும் சார்." அனுப்பவில்லை. சுமதிகூட ஒரு கட்டத்தில் இளகிவிட்டாள், நான் இளகவில்லை.

இப்போது நாலாவது வாரம். ஃபிசியோ ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார், தரையில் துண்டை விரித்துக் கால்விரல்களால் சுருட்டிச் சுருட்டி இழுக்க வேண்டும். வெம்பன்யாமாவும் பிரான்ஸில் இருந்தபோதே வெறுங்காலோடு விரல்களுக்குப் பயிற்சி செய்தவன் என்று சொன்னேன், அன்றிலிருந்து முணுமுணுக்காமல் செய்கிறாள். இதோ, நான் எழுதும்போதே பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நீலத் துண்டை இழுத்துக்கொண்டிருக்கிறாள், சுண்டுவிரல் மட்டும் இன்னும் மடங்க மறுக்கிறது.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. அதற்குள் வெம்பன்யாமா திரும்பியிருப்பான் என்று நினைக்கிறேன், காலை ஆறரை மணி ஆட்டமாகப் பார்த்து எழுப்புகிறேன். பழனி மாமாதான் ஹூக் ஷாட் சொல்லித்தர வேண்டும் என்று யாழினி சொல்கிறாள். நீ நின்றுகொண்டே சொல்லிக்கொடு, போதும்.

அன்புடன்,
சேகர்