சொன்னது மண் குதிரை: ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பங்காளிகளுக்கும், மாமன் வகையறாவுக்கும், மண் குதிரை செய்துகொடுத்த வேளார் ஐயா குடும்பத்துக்கும், தோள் கொடுத்த தம்பிகளுக்கும் வணக்கம்.

2012இல் என் கடைசித் தம்பி டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, "பிள்ளையை எழுப்பிக் கொடு, உனக்கு மண்ணில் புரவி எடுத்து வைக்கிறேன்" என்று அம்மா கண்மாய்க்கரை அய்யனாரிடம் வேண்டி, ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்துவைத்தார். தம்பி பிழைத்தான், இப்போது மீசையும் முளைத்துவிட்டது. அந்த நேர்த்திக்கடன் இந்த ஆனியில்தான் தீர்ந்தது.

மொட்டை என்றால் நினைத்த நாளில் போட்டுவிடலாம். பால்குடத்துக்கு ஆண்டுதோறும் நாள் வரும். புரவி அப்படியில்லை. மழை பெய்து, ஊர் கூடி, பிடிமண்ணாக ஒரு கைப்பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுத்தால்தான் வேலையே தொடங்கும். ஊருக்குப் பொதுவான அரண்மனைப் புரவி முன்னே போனால்தான் எங்களைப் போன்றவர்களின் நேர்த்திப் புரவி பின்னே போக முடியும். நடுவில் வறட்சி, பிறகு கொரோனா, பிறகு முதல் மரியாதை யாருக்கு என்ற பேச்சு. அந்தப் பேச்சை விட்டுக்கொடுத்து முடித்துவைத்த இரண்டு கரை வகையறாப் பெரியவர்களுக்கும்தான் எங்கள் முதல் நன்றி. நீங்கள் இறங்கி வந்ததால் எத்தனை வீட்டு முடிச்சுகள் அவிழ்ந்தன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இடையில் எங்களுக்கு யோசனை சொல்லாதவர் இல்லை. உண்டியலில் பணமாகப் போட்டுவிடலாம் என்றார்கள். சிமென்டில் செய்தால் காலத்துக்கும் நிற்கும் என்றார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "நான் சொன்னது மண் குதிரை." எனக்கும் சிமென்டுக் குதிரை பிடிக்காது. கோயிலில் வரிசையாக நின்று, மழையில் காது உதிர்ந்து, மெல்ல மண்ணாகிப் போகிற பழைய புரவிகளின் அழகு அதற்கு வராது.

வேளார் ஐயாவுக்கு என்ன சொல்ல? 2024இல் அரசு விதி எளிதான பிறகு கண்மாயில் மண் எடுப்பது முன்னைப்போல் கடினமில்லை. ஆனால் மிதிக்கும் கால்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்தவர் பெரும்பாலும் ஐயாவின் மனைவிதான். கூலிக் கணக்கிலும் வராமல், மாலை மரியாதையிலும் வராமல் போகிறவர் அவர். அத்தை, முதலில் உங்கள் காலுக்குத்தான் மாலை போட்டிருக்க வேண்டும்.

நான்கு கால்களும் நின்று, வயிறு ஏறி, கழுத்து முடிந்த வேளையில் கோடைமழை பிடித்துக்கொண்டது. நிழலில் மெதுவாகக் காய வேண்டிய உருவம். நனைந்தாலும் போச்சு, அவசரமாகக் காய்ந்தாலும் வெடிப்பு. நெல்லை மூடியிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடிவந்த எதிர்வீட்டு மாமாவை அம்மா நாள்தோறும் நினைக்கிறார். உங்கள் நெல் நனைந்தது, மாமா. வாய்விட்டு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூளைக்கு வைக்கோலும் எருவும் கொடுத்த வீடுகளுக்கும் நன்றி.

புரவி எடுப்பன்று திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் விடுப்பெடுத்து வந்த தம்பிகளே, எங்கள் வீட்டில் தூக்குவதற்கு ஆண்கள் போதாது என்று யாரும் சொல்லாமலே வந்து நின்றீர்கள். விரதமிருந்து, செருப்பில்லாமல், மூங்கிலில் கட்டிய அந்தப் பாரத்தை, புரவிகள் கிளம்பும் திடலான புரவிப்பொட்டலிலிருந்து கோயில்வரை வெயிலில் சுமந்தீர்கள். தார்ச்சாலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முன்னால் போன பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கம்பி தாழ்வாக இருந்த இடத்தில் மின்சாரத்தை நிறுத்திக் காத்திருந்த லைன்மேன் அண்ணன், ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வந்த மினிபஸ் ஓட்டுநர், குலவை போட்டுத் தொண்டை கட்டிப்போன அக்காமார் எல்லோரும் எங்கள் கடனில் பங்கு எடுத்துக்கொண்டவர்கள்.

புரவியை இறக்கி வைத்ததும் அம்மா மஞ்சள் முடிச்சைப் பூசாரியிடம் கொடுத்தார். தம்பி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவனுக்குச் சாமி நம்பிக்கை எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. எங்கள் புரவியின் முன்னங்கால் மூங்கிலைப் பிடித்தவன் அவன்.

ஒரு வேலை பாக்கியிருக்கிறது. யார் வீட்டு அண்டா, யார் வீட்டுக் கயிறு என்று பெயர் எழுதாத சாமான்கள் எங்கள் திண்ணையில் கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில்கள் மட்டும் இங்கேயே இருக்கட்டும். அடுத்த பிடிமண் கொடுக்கும்போது யாருக்குத் தேவையோ அவர்கள் கேட்காமலே தூக்கிப் போகலாம். அப்போது தோளுக்கு நாங்களும் வருவோம்.

இப்படிக்கு,
அம்மாவுக்காக, மூத்த மகள்