குருட்டுக் கொக்கும் கணகொகாவும்

வவுனியா,
மார்கழி மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. மாரி இந்த முறை நன்றாகப் பெய்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளக்காணி நிரம்பி, இரவெல்லாம் தவளைச் சத்தம். முழங்கால் நோகிறதுதான், ஆனாலும் குளக்கட்டில் ஏறி நடக்க முடிகிறது. பிள்ளைகள் சுகம்.

எங்கள் பறவை பார்க்கும் கூட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். போன மாதம் அது உடையப் பார்த்தது மச்சான். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மன்னார் வீதியால் வான் ஒன்று பிடித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குப் போயிருந்தோம். தமிழர், முஸ்லிம்கள், வவுனியா தெற்கிலிருந்து வரும் சிங்களவர் என்று 17 பேர். விடியும்போது குளக்கட்டில் நின்றோம். வடக்கே எங்கோ சைபீரியாப் பக்கமிருந்து வந்த ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் தண்ணீரில் கறுப்பாய்க் கிடந்தன. எண்ணத் தொடங்க முன் கொப்பியில் திகதியும் இடமும் எழுதுவது வழக்கம். ஒரு தம்பி 'கட்டுக்கரைக்குளம்' என்று எழுதினான். சிங்கள ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் அதே குளத்தின் சிங்களப் பெயரை, 'யோத வெவ' என்று எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. தம்பி அதை வெட்டிவிட்டான்.

அப்புறம் குளத்தைக் கட்டியது யார் என்ற கதை வந்தது. ஒரு பக்கம் பழைய சிங்கள மன்னன் தாதுசேனனை இழுத்தார்கள். மறுபக்கம் 1956இன் தனிச் சிங்களச் சட்டம் வந்தது, 1958 கலவரம் வந்தது, 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகமும் வந்தது. அந்த நேரம் பருந்தொன்று தாழப் பறந்து, வாத்துக்கூட்டம் முழுவதும் ஒரே இரைச்சலாய் எழும்பியது. அதைப் பார்த்தது ஆசிரியரோடு வந்த 14 வயதுப் பொடியன் ஒருவன்தான். தனியே எண்ண முயன்று, எண்ணிக்கை தவறி, அழுகிற மாதிரி நின்றான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எனக்கு மொழி ஒரு சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. அப்பாவின் கதை உனக்குத் தெரியும். தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு சிங்களப் பரீட்சை எழுத மாட்டேன் என்று நின்று, சம்பள உயர்வு இல்லாமலே உத்தியோகத்தை முடித்த மனிதர். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. போன ஆவணியில் என் காணி பற்றி ஒரு கந்தோரிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. அந்தக் கோபம் எனக்குள் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

ஆனால் அந்தக் கோபத்தைக் குளக்கட்டில் எடுத்து வைத்தால் எனக்கு என்ன நியாயம் கிடைக்கும்? அங்கே நின்ற ஆசிரியர் அந்தக் கடிதத்தை எழுதியவர் இல்லை. பொடியன் பிறந்ததே எல்லாம் முடிந்த பிறகு.

இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தான். "ஐயா, அரசியல் வேண்டாம் என்று சொன்னால் வாய் மூட வேண்டியது எப்போதும் நாங்கள்தானே" என்றான். சுருக்கென்று பட்டது. அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விட்டுக்கொடுப்பதென்றால் அந்த ஒழுங்கு நியாயமில்லை. ஆகவே எல்லாரும் கூடிப் பேசி இப்படி முடிவெடுத்தோம்: இடத்தின் பெயரை இரண்டு மொழியிலும் ஒரே அளவில் எழுதுவது. ஒருவர் எழுதியதை மற்றவர் வெட்டக்கூடாது. பறவைக்கு அவரவர் வாயில் வரும் பெயர், பக்கத்தில் இலத்தீன் பெயர். அது எங்களில் ஒருவருக்கும் தாய்மொழி இல்லை, அதனால் அதில் யாரும் உரிமை கொண்டாட முடியாது. குளத்தைக் கட்டியது யார் என்ற கதையைக் குளக்கட்டில் நின்று எடுப்பதில்லை. என் காணிக் கடிதத்தை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடாக அனுப்பியிருக்கிறேன். அந்தச் சண்டைக்கு இடம் அதுதான். கடிதத்தை எனக்கு வாசித்துச் சொன்னவர் அதே ஆசிரியர்.

போன ஞாயிறு மறுபடி போனோம். 15 பேர்தான். தம்பி வந்தான், கொஞ்சம் விறைப்பாக. துருசடியில், தண்ணீர் திறந்துவிடும் மதகுப் பக்கம், மீன்பிடிக்கிற பெரியவர் ஒருவர் எங்களோடு வந்து இருந்தார். சேற்றோரம் மண்ணிறமாய் ஒரு கொக்கு குறண்டிக்கொண்டு நின்றது. கிட்டப் போனாலும் அசையவில்லை. பொடியன் மெதுவாக "கணகொகா" என்றான். பெரியவர் அவனைப் பார்க்காமலே "குருட்டுக் கொக்கு" என்றார். கண என்றால் என்ன என்று தம்பி கேட்டான். குருடு என்று ஆசிரியர் சொன்னார். கொகா கொக்குத்தான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். காலடி வரும்வரைக்கும் பறக்காத கொக்கைப் பார்த்து, கண் தெரியாததாக்கும் என்று இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் மனிதர் நினைத்திருக்கிறார்கள். மிதிக்கிற தூரத்துக்குப் போனதும் அது வெள்ளைச் சிறகை விரித்துப் பறந்தது. குருடாம்! தம்பி கொப்பியை வாங்கி மூன்று பெயரையும் தன் கையால் எழுதினான்: குருட்டுக் கொக்கு, கணகொகா, ஆர்டியோலா கிராயி.

வராத இரண்டு பேரையும் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தை மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. 1987இல் தொடங்கியது, இப்போது ஆசியாவின் பல நாடுகளில் அந்த மாதத்தில் எண்ணுகிறார்கள். அதற்குள் ஆட்கள் சேர வேண்டும்.

இனி உன்னிடம் ஒரு உதவி. வெள்ளை நெஞ்சோடு, வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு, பின்னேரத்தில் கீரைப்பாத்தி வேலிக்குள்ளிருந்து வெளியே வருமே ஒரு கோழி, நினைவிருக்கிறதா? புத்தகத்தில் கானாங்கோழி என்று இருக்கிறது. பொடியன் கொரவக்கா என்று எழுதிவிட்டான். உன் அம்மம்மா அதற்கு வேறொரு பெயர் சொல்லுவா. எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. கொப்பியில் இடம் விட்டு வைத்திருக்கிறேன், அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்